கூப்பன் சேர்கிறது, பில் குறையவில்லை: கோளாறு எங்கே?

எங்கள் வீட்டில் ‘கூப்பன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அத்தைக்கு அது அரிசி. எழுபதுகளில் கூட்டுறவுக் கடையில் புத்தகத்தை நீட்டி, அந்த வாரத்துக்குரிய துண்டை வெட்டிக் கொடுத்து, வரிசையில் நின்று அளந்து வாங்கிய அரிசி. 1979இல் அந்தப் புத்தகம் போய் உணவு முத்திரை வந்தது. பிறகு ஜனசவிய, சமுர்த்தி, இப்போது அஸ்வெசும என்று அரசின் உதவித் திட்டங்களுக்குப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்துவிட்டன. அத்தை மட்டும் அந்தக் கடையை இன்னும் ‘கூப்பன் கடை’ என்றுதான் சொல்கிறார். எனக்குக் கூப்பன் என்பது சுப்பர் மார்க்கெட் பில்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் ‘அடுத்த முறை 200 ரூபாய் விலைக்கழிவு’ என்ற துண்டு. அத்தையின் கூப்பன் தொலைந்திருந்தால் அன்றைக்கு உலை வைக்க முடியாது. என்னுடையது தொலைந்தால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பதாலேயே என்னுடையது அடிக்கடி தொலைந்துகொண்டிருந்தது.

நான் இலங்கையின் மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. வீட்டில் நானும் அத்தையும் இரண்டு பிள்ளைகளும். பெரிய சாமான்களை மாதத்துக்கு இரண்டு முறை ஹட்டனுக்கு இறங்கி வாங்குவேன். மற்றதெல்லாம் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கீழே இருக்கும் சில்லறைக் கடையில். 2022இல் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று களைத்து, அந்த வரிசைகள் மறைந்த பிறகுதான் கூப்பன் சேர்க்கத் தொடங்கினேன். முதல் வருடத்தில் எனக்கு ஒரு சதமும் மிஞ்சவில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையை விரித்து வைத்துக் கத்தரிக்கோலால் கூப்பன் வெட்டும் அமெரிக்க வழக்கம் நம் ஊரில் பெரிதாக இல்லை. நம் கைக்கு வருபவை வேறு: பில்லின் வாலில் அச்சாகும் துண்டு, பரிசு வவுச்சர், அங்கத்துவ அட்டையில் சேரும் புள்ளி, வங்கி அட்டைக்கான வார இறுதிக் கழிவு, கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி, சவர்க்காரப் பொதியின் மேல் ஒட்டியிருக்கும் ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’. இவை எல்லாவற்றையும் சேர்த்தே இங்கே கூப்பன் என்கிறேன்.

கடையில் நிற்கிறேன், கூப்பன் வீட்டில் இருக்கிறது

இது மறதி அல்ல, கூப்பனை வைத்த இடத்தின் குற்றம். கூப்பனை அலுமாரியிலும் பையைக் கதவுக்குப் பின்னாலும் வைத்தால், பஸ் ஹோர்ன் கேட்டு ஓடுகிறவருக்குப் பை மட்டும்தான் கையில் அகப்படும்.

மகனின் பழைய பென்சில் பை ஒன்று, சிப் இன்னும் நன்றாகப் பூட்டுகிறது, அதைச் சாமான் பையின் கைப்பிடியில் கயிற்றால் கட்டிவிட்டேன். கூப்பன் வீட்டுக்குள் வந்ததும் அதற்குள் போகும். வேறு இடத்துக்குப் போகாது. பையோடு குடையும் அதே ஆணியில் தொங்குகிறது. கொட்டகலையில் குடையை மறந்து போகிறவர் யாரும் இல்லை. குடையை எடுக்கும் கை பையையும் எடுத்துவிடும். கடைகள் பொலித்தீன் பைக்குத் தனியாகப் பணம் வாங்கத் தொடங்கிய பிறகு, வீட்டுப் பையை மறக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது.

எடுத்துப் பார்த்தால் எல்லாம் திகதி முடிந்தவை

முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு இதுதான். ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, அட்டை வெட்டித் தடுப்புகள் வைத்தேன். ஒரு தடுப்பில் பால்மா, ஒன்றில் சவர்க்காரம், ஒன்றில் மா, பருப்பு, இன்னொன்றில் பிள்ளைகள் தின்பவை. பார்க்க அழகாக இருந்தது. பக்கத்து அறை அக்கா வந்து பார்த்துவிட்டு, “மருந்துக் கடை மாதிரி அடுக்கியிருக்கிறாயே” என்று பாராட்டிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்துக் கொட்டி எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலாவதி.

காரணம் எளிது. நாம் பொருளைத் தேடி டின்னைத் திறப்பதில்லை. சம்பளம் கைக்கு வந்து, பட்டியல் எழுதி, கடைக்குப் போகிற அந்த இரண்டு நாட்களைத் தவிர அந்த டின் திறக்கப்படுவதே இல்லை. ஆகவே கூப்பனை அடுக்க வேண்டியது பொருள் வாரியாக அல்ல, கடைக்குப் போகும் நாள் வாரியாக. எங்கள் தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம். மாதக் கடைசியில் கணவர் பணம் அனுப்புவார். எனக்கு இருப்பது இந்த இரண்டு ஹட்டன் பயணங்கள் மட்டுமே. பென்சில் பைக்குள் இரண்டு கடித உறைகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் ‘இந்தப் பயணம்’, மற்றதில் ‘அடுத்த பயணம்’ என்று எழுதியிருக்கிறேன். புதிதாக ஒரு கூப்பன் வந்தால் திகதியைப் பார்த்து இரண்டில் ஒன்றில் போடுகிறேன். இரண்டு பயணத்துக்கும் இடையிலேயே உயிர்விட்டுவிடும் கூப்பனாக இருந்தால், அது 500 ரூபாயாக இருந்தாலும் அன்றைக்கே அடுப்புக்குப் போகும். இதைச் சொல்லும்போது எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அந்த 500க்காகத் தனியாக ஒருநாள் பஸ் ஏறிப் போய்வந்து, வழியில் பிள்ளைக்கு ஒரு ரோல்ஸும் தேநீரும் வாங்கிக் கொடுத்த கணக்கை ஒருமுறை எழுதிப் பார்த்தவர் சுளிக்கமாட்டார்.

திகதியைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு துண்டில் 08/07 என்று இருந்தால் நம் வழக்கப்படி அது ஜூலை 8. ஆனால் சில கடைகளின் இயந்திரம் வருடத்தை முதலில் போட்டு, பிறகு மாதம், பிறகு நாள் என்று அச்சடிக்கும். வருடம் இரண்டே இலக்கமாக இருந்தால் எது நாள், எது வருடம் என்று தலை சுற்றும். வாங்கிய இடத்திலேயே காசாளரிடம் கேட்டு, பின்பக்கத்தில் ‘ஜூலை 8’ என்று மாதத்தின் பெயரோடு எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, போயா. பௌர்ணமி தினத்தில் இறைச்சி விற்பனை இல்லை. சுப்பர் மார்க்கெட் திறந்திருந்தாலும் இறைச்சிப் பகுதி மூடியிருக்கும். ‘ஞாயிறு வரை கோழி இறைச்சிக்குக் கழிவு’ என்ற துண்டை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடிய கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். கடைக்காரர்கள் பொங்கலுக்குத் தரும் நாட்காட்டியில் போயா நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். இறைச்சிக் கூப்பன் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை, ஹட்டன் வழியாகப் பக்தர்கள் போகும் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலம். அந்த மாதங்களில் சனி, ஞாயிறு ஹட்டன் டவுனில் இறங்கி நடப்பதே பெரும்பாடு. வார இறுதியில் மட்டும் செல்லும் கூப்பன்களை அந்தப் பருவத்தில் நான் பாதி மதிப்புக்குத்தான் கணக்கில் எடுக்கிறேன்.

எழுத்து மறைந்துவிட்டது, அல்லது துண்டு முழுவதும் கறுத்துவிட்டது

மலைநாட்டு வீடுகளுக்கென்றே இருக்கும் கோளாறு இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பில் துண்டின் ஒரு மூலையை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். அதில் மை கிடையாது. தாளின் மேல் பூசப்பட்ட இரசாயனத்தை இயந்திரம் சூடாக்கி எழுத்தை வரவழைக்கிறது. நகம் உரசும் சூடே ஒரு கோட்டுக்குப் போதுமானது. அப்படியானால் விறகடுப்பின் சூட்டுக்கு அது என்ன ஆகும்?

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். ஆடி மாத மழை. சுவரைத் தொட்டால் விரல் நனைகிறது, உறைகள் தானாகவே ஒட்டிக்கொள்கின்றன. காகிதம் பூஞ்சணம் பிடித்துவிடுமே என்று, உப்பும் நெத்தலியும் இருக்கும் அடுப்புப் பரணுக்கே கூப்பன் டின்னையும் ஏற்றிவைத்தேன். உப்பு காய்ந்தது, நெத்தலி காய்ந்தது. டின்னைத் திறந்தபோது உள்ளே இருந்த பத்துப் பதினைந்து துண்டுகளும் கரும்பலகையாகியிருந்தன. எது பால்மா, எது சவர்க்காரம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அத்தை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “எங்கள் கூப்பன் புத்தகம் முப்பது வருடம் கழித்தும் வாசிக்க முடிந்தது” என்றார். அவர் சொல்வது சரி, அது அச்சு மை.

இப்போது நான் செய்வது இது:

வெப்பத்தாளை அடுப்பு, வெயில் விழும் ஜன்னல், சோற்றுப் பாத்திரத்தின் மூடி ஆகிய மூன்றுக்கும் பக்கத்தில் விடுவதில்லை. பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள்ளும் வைப்பதில்லை. பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் தாளில் படிந்து எழுத்தை மங்கச் செய்துவிடும். கிழிந்த துண்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டினாலும் இதே கதிதான்; அந்தப் பசை எழுத்தைத் தின்றுவிடும். எண்ணெய்க் கை, கை கழுவும் திரவம் எல்லாம் ஆகாது. சாதாரணக் கடித உறைதான் இதற்கு ஏற்றது. ஈரத்துக்கு, புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் அந்தச் சிறிய மணிப் பொட்டலத்தைப் பென்சில் பைக்குள் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளில் படத்தைக் காட்டிக் கழிவு வாங்க முடியாது, மூலத் துண்டு வேண்டும். ஆனால் பாதி மங்கிய துண்டோடு படமும் இருந்தால், அதிலுள்ள எண்ணைக் கையால் தட்டிப் பார்க்கும் பொறுமைசாலிக் காசாளர் சில நேரம் கிடைப்பார். ஏற்கெனவே முழுதாகக் கறுத்ததையோ வெளுத்ததையோ மீட்க எனக்கு வழி தெரியவில்லை.

காசாளர் ‘இது செல்லாது’ என்கிறார்

பின்னால் வரிசை நிற்கும்போது நமக்கு வாய் எழாது. ஆகவே சோதனையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். நான் பார்த்தவரை பத்தில் எட்டு மறுப்புகளுக்கு இவற்றில் ஒன்றுதான் காரணம்: பில் தொகை போதவில்லை, இந்தக் கிளைக்கு உரியதல்ல, பொருளின் அளவு வேறு, ஏற்கெனவே இன்னொரு கழிவு விழுந்துவிட்டது.

கிளை விஷயத்தை என் கணவரிடமிருந்து கற்றேன். கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் பாசத்தோடு ஒரு கட்டுக் கூப்பன் கொண்டுவருவார். அதில் பாதி அந்தக் கிளையின் திறப்பு விழாவுக்கோ ஆண்டு நிறைவுக்கோ அடித்தவை. ஹட்டனில் அவற்றுக்கு மதிப்பு இல்லை. இப்போது அவரே அங்கே பயன்படுத்தி, சாமானாக வாங்கி, பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருகிறார். டின் மீனும் பற்பசையும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வருகின்றன.

அளவு என்றால், 400 கிராம் பால்மாவுக்கான கூப்பன் 1 கிலோவுக்குச் செல்லாது. ‘பெரியதுதானே வாங்குகிறேன்’ என்று இயந்திரத்தோடு வாதாட முடியாது. பொதியிலுள்ள பார்கோட் எண் பொருந்தினால் கழிக்கும், பொருந்தாவிட்டால் கழிக்காது.

நிபந்தனையை வாசிக்க முடியவில்லை என்பதும் ஒரு கோளாறு. சின்ன எழுத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சடித்த துண்டுகள் ஏராளம். பேச்சுச் சிங்களம் நன்றாக வரும் நம்மில் பலருக்கு அதை வாசிக்க வராது. யாரையாவது வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டாலே பாதி புரிந்துவிடும். கூப்பனில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில: ‘வலங்கு’ என்றால் செல்லுபடியாகும், ‘தக்வா’ என்றால் வரை, ‘பமணி’ என்றால் மட்டும், ‘அவம’ என்றால் குறைந்தபட்சம், ‘உபரிம’ என்றால் அதிகபட்சம். இந்த ஐந்தில் ‘அவம’வும் ‘பமணி’யும்தான் நம்மைக் கவிழ்ப்பவை. என் மகள் பாடசாலையில் சிங்களம் படிக்கிறாள். அவளிடம் கொடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் தமிழில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

வங்கி அட்டைக் கழிவானால் ‘உபரிம’வைக் கண்டிப்பாகப் பாருங்கள். 20 சதவீதம் கழிவு, ஆனால் அதிகபட்சம் 1,000 ரூபாய் என்று இருந்தால், பில்லில் 5,000 ரூபாயைத் தாண்டும் பகுதிக்குக் கழிவு கிடையாது. எந்த நாள், கடனட்டையா டெபிட் அட்டையா என்பதையும் பாருங்கள். கடனட்டைக் கழிவு, அடுத்த மாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்கு மட்டும்தான் கழிவு.

கடையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முதல் சாமானை இயந்திரத்தில் காட்டுவதற்கு முன்பே கூப்பனைக் காசாளரிடம் கொடுத்துவிடுங்கள். பணம் கட்டி முடிந்த பில்லைத் திரும்பத் திறப்பது அவர்களுக்குப் பெரிய தலைவலி. மேற்பார்வையாளர் வர வேண்டும், சாவி வர வேண்டும். பிறகு அந்த இடத்தை விட்டு நகருமுன் பில்லில் கழித்தல் குறி போட்ட வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை கூப்பனை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டார்கள், பில்லில் கழிவு விழவே இல்லை. வீட்டுக்கு வந்துதான் கண்டேன். திரும்பப் போனபோது ஆதாரம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான், துண்டு என் கையில் இல்லையே.

எல்லாம் சரியாகச் செய்தும் மாதச் செலவு குறையவில்லை

மேலே உள்ளவை எல்லாம் தாளின் கோளாறுகள். இது தலையின் கோளாறு. எனக்கு இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் ஆனது.

ஒரு கணக்கு. ‘5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 500 கழிவு’ என்று கூப்பன். என் பட்டியலை எழுதிக் கூட்டினால் 3,400 வருகிறது. 5,000ஐத் தொட இன்னும் 1,600க்கு எதையோ கூடைக்குள் போடுகிறேன். கட்டுவது 4,500. கூப்பன் இல்லாமல் போயிருந்தால் 3,400தான் கட்டியிருப்பேன். அந்த 1,600க்குப் போட்டவை அடுத்த மாதப் பட்டியலில் எப்படியும் வரவிருந்த பருப்பு, சவர்க்காரம், பற்பசை என்றால் எனக்கு உண்மையாகவே 500 இலாபம். சொக்லேட், சீஸ், வாசனை மெழுகுவர்த்தி என்றால் 1,100 நட்டம். அதே கூப்பன், அதே பில். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவதும் ஒரே மாதிரித்தான்.

ஆகவே இப்போது பட்டியலை எழுதி முடிக்கும் வரை கூப்பன் பையைத் திறப்பதில்லை. பட்டியல் முதலில், கூப்பன் பிறகு. பட்டியலில் இருக்கும் பொருளுக்குக் கூப்பன் இருந்தால் அதற்கு நேரே ஒரு புள்ளி வைக்கிறேன். பட்டியலில் இல்லாத பொருளின் கூப்பனை உறையை விட்டு எடுப்பதே இல்லை. கேட்க எளிதாக இருக்கிறது, செய்ய எளிதல்ல. ‘பாதி விலை’ என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்தால் கை தானாகப் போகிறது.

அடுத்தது விலையை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில், நாங்கள் எப்போதும் வாங்கும் இருபது பொருட்களையும் அவற்றைக் கூப்பன் இல்லாமல் மிகக் குறைவாக எங்கே வாங்கலாம் என்பதையும் எழுதிவைத்திருக்கிறேன். கணக்குக்காக ஒரு விலை போட்டுச் சொல்கிறேன். சலவைத் தூள் 1 கிலோ பொதி 620 ரூபாய், கூப்பனுக்கு 60 கழிவு, ஆக 560. லயத்துக் கடையில் அரைக் கிலோ பொதி 275, இரண்டு வாங்கினால் 550. பஸ்ஸும் இல்லை, கூப்பனும் இல்லை, பத்து ரூபாய் மிச்சம். பெரிய பொதி எப்போதும் மலிவு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அரிசி, சீனி, பருப்பு போன்றவற்றுக்கு அரசுக் கடையான லங்கா சதொசவின் விலையையும் ஒரு பத்தியில் எழுதுகிறேன். அங்கே விலை குறைத்தால் எல்லோருக்கும் குறைகிறது, எந்தத் துண்டும் தேவையில்லை. பொதியில் அச்சிட்டிருக்கும் உச்ச சில்லறை விலையையும் பாருங்கள். எந்தக் கடையும் அதற்கு மேல் விற்கக் கூடாது. விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ வரும்போது பொதியைத் திருப்பிக் காலாவதித் திகதியைப் பாருங்கள். இரண்டாவது, நம் ஊர்ப் பனியையும் கணக்கில் எடுங்கள். திறந்த பிஸ்கட் இங்கே மறுநாளே நமத்துவிடும். பால்மா கட்டிபடும். கோதுமை மாவில் வண்டு வரும். சவர்க்காரத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. நாளாக நாளாகக் காய்ந்து, இன்னும் மெதுவாகத்தான் கரையும். நான் கூப்பனுக்காக முன்கூட்டியே வாங்கிச் சேர்ப்பவை சவர்க்காரம், பற்பசை, டின் மீன், உப்பு. அவ்வளவுதான்.

கடன் கொப்பி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்தில் பல வீடுகளில் மாதச் சாமான் லயத்துக் கடையில் கடனுக்குத்தான். சம்பளத்தன்று அந்தக் கொப்பியைத் தீர்த்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் கூப்பன் என்று சொல்லி ஹட்டனில் செலவழித்துவிட்டு, இங்கே கடனை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், கடைக்காரர் முகம் மாறும். மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் இரவில் கதவைத் தட்ட அந்த முகம்தான் வேண்டும். அதனால் கொப்பியில் நிலுவை இருக்கும் மாதத்தில் நான் கூப்பன் பக்கமே போவதில்லை. தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரத்துக்கும் இதே சட்டம்தான். அது மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும் பணம். கூப்பன்கள் குவிவதும் சரியாக அந்த வாரத்தில்தான்.

புள்ளிகள் சேர்கின்றன என்கிறார்கள், எங்கே என்று தெரியவில்லை

பெரும்பாலும் கைபேசி எண்ணின் கோளாறு. பழைய சிம்மை மாற்றியிருப்பீர்கள், அல்லது ஒருமுறை கணவரின் எண்ணையும் ஒருமுறை உங்களுடையதையும் சொல்லியிருப்பீர்கள். புள்ளி இரண்டு கணக்குகளில் சிதறிக் கிடக்கும். வாடிக்கையாளர் சேவைக் கருமபீடத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் புது எண்ணுக்கு மாற்றக் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்லுங்கள். புள்ளிக்கும் காலாவதி இருக்கலாம் என்பதால் வருடம் முழுக்கச் சேர்த்துப் பொங்கலுக்கு எடுப்போம் என்று காத்திருக்க வேண்டாம். நான் ஒவ்வொரு முறையும் இருப்பதைக் கழித்துவிடச் சொல்கிறேன், அது 35 ரூபாயாக இருந்தாலும்.

கைபேசிக்கு 10,000 ரூபாய் வவுச்சர் வந்திருக்கிறது

வரவில்லை. ‘ஆண்டு நிறைவை முன்னிட்டு’ என்று பெரிய கடை ஒன்றின் சின்னத்தோடு வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வரும். நான்கு கேள்வி கேட்கும், பெட்டியைத் திறக்கச் சொல்லும், இருபது பேருக்கு அனுப்பச் சொல்லும். பிறகு வங்கி அட்டை எண்ணையோ, கைபேசிக்கு வரும் ஆறு இலக்க இரகசிய எண்ணையோ கேட்கும். உண்மையான கூப்பனுக்கு இருபது பேர் தேவையில்லை. காசாளர் யாரும் உங்கள் இரகசிய எண்ணைக் கேட்கமாட்டார். சொந்தக்காரரே அனுப்பியிருந்தாலும் அழித்துவிடுங்கள், அவரும் ஏமாந்துதான் அனுப்பியிருப்பார். எண்ணை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களானால் அட்டையின் பின்பக்கத்திலுள்ள எண்ணுக்கு உடனே அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். அந்த இணைப்பை மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

மேலுறை சேர்த்து அனுப்பினேன், பதிலே இல்லை

அது சீட்டிழுப்பு, கூப்பன் அல்ல. சாதாரணக் கடிதத்தின் முத்திரைக் கட்டணம் 2022இல் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது. அந்த நாளோடு எங்கள் வீட்டில் மேலுறை அனுப்புவது நின்றது. குறுஞ்செய்தியில் குறியீட்டை அனுப்பும் போட்டி என்றால், பொருளை எப்படியும் வாங்கியிருந்தால் அனுப்புங்கள். அதற்காக வாங்காதீர்கள்.

வீட்டில் வேறு யாரும் இதை மதிப்பதில்லை

அத்தை ஒருமுறை 300 ரூபாய்க் கூப்பனால் அடுப்பு மூட்டினார். மகன் இன்னொன்றில் கப்பல் செய்து கானில் விட்டான். கோபப்பட்டுப் பயனில்லை, அவர்களுக்கு அது வெறும் பில் துண்டு.

அத்தைக்கு ஒரு வழி கண்டேன். பயன்படுத்த வேண்டிய துண்டின் மூலையில் மஞ்சளும் குங்குமமும் தொட்டு வைத்தேன். அதன் பிறகு அவர் எந்தத் துண்டையும் அடுப்பில் போட்டதில்லை. மஞ்சள் ஈரமாக இல்லாமல் காய்ந்த பொடியாக இருக்கட்டும், எண் இருக்கும் பக்கத்தில் படக் கூடாது.

மகனுக்கு வேறு வழி. பையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவனிடமே விட்டேன்: ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் இரவு உறைகளைக் கொட்டித் திகதி பார்த்து அடுக்க வேண்டும், பில்லில் கழித்தல் குறி போட்ட வரிகளைக் கூட்டிச் சொல்ல வேண்டும், அதில் பத்தில் ஒரு பங்கு அவனுக்கு. இப்போது காலாவதியாகும் துண்டு எதுவும் இல்லை. போயா எப்போது என்று நாட்காட்டியை முதலில் பார்ப்பவனும் அவன்தான். போன மாதம் 850 ரூபாய் கழிவு என்று கூட்டிக் காட்டினான். நானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. 85 ரூபாயை எண்ணிக் கையில் வாங்கிக்கொண்டு லயத்துக் கடைக்கு ஓடினான். திரும்பி வரும்போது கையில் பட்டியலில் இல்லாத பிஸ்கட் பக்கெட் ஒன்று இருந்தது.